கல்ட் படங்களின் டிஸ்க்கை விமர்சிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தியேட்டரில் வந்த படத்துக்கு விமர்சனம் எழுதும்போது கேள்வி ஒன்றுதான்: படம் எப்படி? சின்ன ரசிகர் கூட்டம் ஒன்று விடாமல் கொண்டாடும் கல்ட் படம், அதாவது ஐம்பது வருடப் பழைய பேய்ப்படம் ஒன்று, டிவிடியை விடத் தெளிவான ப்ளூரே டிஸ்க்கில் வரும்போது அந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. வாங்கப் போகிறவர் பெரும்பாலும் படத்தை ஏற்கெனவே பார்த்தவர். இதில் இருப்பது முழுப் படமா, வெட்டியதா? எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள்? அலமாரியில் இருக்கும் பழைய டிவிடியை விட இது மேலா? அவர் இதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்கள் விமர்சனத்துக்கு வருகிறார்.

முறையை விளக்க ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். ஜார்ஜ் ஏ. ரோமெரோ 1968ல் இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில், சின்ன பட்ஜெட்டில் எடுத்த கறுப்பு வெள்ளை ஸோம்பி படம். முதலில் வைத்திருந்த தலைப்பு ‘நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’. வெளியீட்டுக்கு முன் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு திரையில் இருந்த காப்புரிமை அறிவிப்பும் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமை போய்விடும். படம் பொதுச்சொத்தானது. தேய்ந்துபோன பிரிண்ட் ஒன்று கையில் கிடைத்த யார் வேண்டுமானாலும் வீடியோ டேப் போடலாம், டிவிடி போடலாம் என்ற நிலை. போட்டார்கள், கணக்கில்லாமல். எந்த டிஸ்க், எந்தப் பிரதி என்று கேட்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

இந்த வகைப் படங்களை மட்டம் என்று ஒதுக்கியவர்கள் பலர் பார்த்தது வெட்டுப்பட்ட, மங்கிப்போன, ஓரம் நறுக்கப்பட்ட நகலைத்தான். எது படத்தின் குறை, எது நகலின் குறை என்று பிரித்துச் சொல்வதுதான் டிஸ்க் விமர்சகரின் முதல் வேலை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: எந்த வடிவம் என்று கண்டுபிடியுங்கள்

டிஸ்க்கை பிளேயரில் போடுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். படம் எத்தனை வடிவங்களில் வந்தது, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரோமெரோவின் அடுத்த ஸோம்பி படமான ‘டான் ஆஃப் தி டெட்’ (1978) மூன்று வடிவங்களில் இருக்கிறது. அமெரிக்கத் தியேட்டர் வடிவம் 127 நிமிடம். கான் திரைப்பட விழா வடிவம் என்று அழைக்கப்படுவது 139 நிமிடம். இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோ ஐரோப்பாவுக்காக எடிட் செய்தது 119 நிமிடம். அதில் இத்தாலிய ராக் இசைக்குழுவான காப்ளினின் இசை அதிகம், வேகமும் வேறு. மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்தப் படம் கொஞ்சம் இழுவை’ என்று எழுதினால், எதை இழுவை என்கிறீர்கள் என்று வாசகருக்குத் தெரியாது.

அர்ஜெண்டோவின் ‘டீப் ரெட்’ (1975) இன்னொரு மாதிரி. இத்தாலிய வடிவம் 127 நிமிடம் அளவு. வெளிநாடுகளுக்குப் போன ஆங்கில வடிவத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் காணோம்.

அடுத்தது சென்சார். 1980களில் பிரிட்டனில் வாடகை வீடியோக்களுக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி நடந்தது. வழக்குத் தொடரத்தக்கவை என்று 72 படங்கள் ஒரு பட்டியலில் ஏறின, 1984ல் வீடியோவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின் வந்த பிரிட்டிஷ் டேப்கள் பலவும், அவற்றைப் பின்பற்றிய ஆரம்பகால டிவிடிகள் சிலவும் வெட்டோடு இருந்தன. அப்படிப்பட்ட படத்தின் புது வெளியீட்டில் எந்தக் காட்சி திரும்பி வந்திருக்கிறது என்று சொல்வது உங்கள் பொறுப்பு.

நிமிடக் கணக்கில் ஒரு பொறி உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பின்பற்றும் ஐரோப்பிய நாடுகளின் டிவிடிகள் பெரும்பாலும் நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடும். படம் 4 சதவீதம் வேகமாக முடியும். 96 நிமிட ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ அங்கே 92 நிமிடம்தான் காட்டும். ஒரு ஃபிரேம்கூட வெட்டியிருக்க மாட்டார்கள். ‘நாலு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று எழுதும் முன் 24/25 கணக்கைப் போட்டுப் பாருங்கள். ப்ளூரேயில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

இதே படத்துக்கு 1999ல் ஒரு 30ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது. பல வருடம் கழித்து எடுத்த புதுக் காட்சிகளைச் சேர்த்து, இசையையும் மாற்றியிருந்தார்கள். 1986லும் 2004லும் வண்ணம் பூசிய வடிவங்கள் வந்தன. அட்டையில் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுதான். வாங்குபவர் ஏமாறாமல் இருக்க, உங்கள் விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே வடிவத்தின் பெயரும் நிமிடமும் இருக்கட்டும்.

இரண்டாம் படி: டிவியைச் சரிசெய்யுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது. கடையில் வாங்கியபடியே இருக்கும் டிவி எந்த டிஸ்க்கையும் கெடுத்துக் காட்டும். சினிமா மோட் அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் போடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள், நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். ஷார்ப்னஸை டிவி எதையும் கூட்டாத அளவுக்குக் குறையுங்கள். படத்தின் ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளும் ஓவர்ஸ்கேன் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் படத்தின் தரத்தைப் பற்றி எழுதினால், நீங்கள் விமர்சிப்பது உங்கள் டிவியை.

டிஸ்க் எந்தெந்த நாட்டுப் பிளேயர்களில் ஓடும் என்று காட்டும் ரீஜன் கோடு எது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இந்தியா டிவிடியில் ரீஜன் 5, ப்ளூரேயில் சி. பிரிட்டனில் 2, பி. கனடாவில் 1, ஏ. மலேசியா, சிங்கப்பூரில் 3, ஏ. தமிழ் வாசகர்கள் இத்தனை ஊரிலும் இருக்கிறார்கள். ஆரோ, செவரின், வினிகர் சிண்ட்ரோம் போன்ற கல்ட் பட நிறுவனங்களின் ப்ளூரேக்களில் சில ஒரு ரீஜனுக்குப் பூட்டப்பட்டவை, சில எங்கும் ஓடுபவை. ப்ளூரேயை விடக் கூர்மையான 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டு கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூரேவுக்கு இருக்கலாம்.

மூன்றாம் படி: படம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ்தான் மூலம். அதிலிருந்து இண்டர்பாசிட்டிவ், அதிலிருந்து இண்டர்நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட். ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் விவரம் தொலையும், கறுப்பு அடைத்துக்கொள்ளும், கீறல்கள் சேரும். அட்டையில் ‘4கே ரெஸ்டொரேஷன்’ என்று எழுதியிருந்தால் உடனே மயங்கிவிடாதீர்கள். தேய்ந்த தியேட்டர் பிரிண்டையும் 4கேயில் ஸ்கேன் செய்யலாம், அதுவும் 4கேதான். எதை ஸ்கேன் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. நல்ல நிறுவனங்கள் உள்ளே இருக்கும் சிறு புத்தகத்திலோ, டிஸ்க்கின் தொடக்கத்திலோ இதைச் சொல்வார்கள். சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்பதையே எழுதுங்கள்.

அதற்காக, பிரிண்டிலிருந்து எடுத்த டிஸ்க் எல்லாம் மோசம் என்று ஆகாது. பல சின்னப் படங்களுக்கு நெகட்டிவே இன்று இல்லை. உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரிண்ட் என்றால், அதன் கீறல்களோடு அது வெளிவருவதே பெரிய விஷயம். அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் அமெரிக்கன் ஜானர் ஃபிலிம் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் இந்தப் பிரிண்டுகளைச் சேகரித்துக் காப்பதால்தான் சில படங்கள் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்ட டிஸ்க்கை, ஒரிஜினல் நெகட்டிவ் பத்திரமாக இருக்கும் பெரிய ஸ்டூடியோ படத்தின் டிஸ்க்கோடு ஒப்பிட்டு மார்க் குறைப்பது நியாயமே இல்லை.

நம் படத்துக்கு ஒரிஜினல் நெகட்டிவ் மிஞ்சியிருந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும், பழைய படங்களைக் காக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து, ரோமெரோவும் அவருடன் வேலை செய்தவர்களும் மேற்பார்வையிட, அதை 4கேயில் மீட்டெடுத்தன. 2016ல் திரையிட்டார்கள், 2018ல் க்ரைட்டீரியன் நிறுவனத்தின் ப்ளூரேயாக வந்தது, 2022ல் 4கே டிஸ்க். பழைய மலிவு டிவிடிகளில், கதை நடக்கும் பண்ணை வீட்டின் இருட்டு ஒரே கறுப்பு, முகங்கள் வெளுத்த சுண்ணாம்பு. இவர்களுக்கு லைட்டிங் தெரியவில்லை என்றுதான் அதைப் பார்த்த பலர் நினைத்தார்கள். உண்மையில் ரோமெரோவின் குழு பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்களும் தொழில் நிறுவனப் படங்களும் எடுத்துப் பழகிய குழு. நெகட்டிவிலிருந்து வந்த படத்தில் அந்தக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தின் எல்லாப் படிகளும் திரும்பி வந்துவிட்டன. ஜன்னலில் அடித்த பலகைகளின் நிழல் சுவரில் எப்படி விழ வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

நான்காம் படி: படத்தின் தரத்தைச் சோதியுங்கள்

ஒரு தடவை முழுதாகப் பாருங்கள், குறிப்பு எடுக்காமல். அப்புறம் சோதனைக்கென்று சில காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு இருட்டுக் காட்சி, ஒரு முக க்ளோசப், வேகமான அசைவு, புகை அல்லது பனிமூட்டம், எழுத்து ஓடும் இடம்.

கிரெய்ன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபிலிமில் எடுத்த படத்தில் நுண்ணிய துகள்கள் துடித்துக்கொண்டே இருக்கும். அது அழுக்கில்லை, படமே அந்தத் துகள்களால்தான் ஆனது. அதைக் கம்ப்யூட்டரில் வழித்தெடுத்தால் தோலின் துளைகளும் துணியின் இழைகளும் சேர்ந்து போய், முகம் மெழுகு பொம்மையாகிவிடும். 2010ல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தின் ‘அல்டிமேட் ஹண்டர் எடிஷன்’ ப்ளூரே இதற்காகவே இன்றுவரை பேசப்படுகிறது. கிரெய்ன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது படம் எடுத்த ஃபிலிமைப் பொறுத்தது. ‘ஈவில் டெட்’ (1981) அகலம் குறைந்த 16 மிமீ ஃபிலிமில் எடுத்தது, கிரெய்ன் கொட்டும். 1960களின் இத்தாலிய வெஸ்டர்ன் படங்கள் பல டெக்னிஸ்கோப் என்ற முறையில் எடுத்தவை. அதில் ஒரு ஃபிரேமுக்கு வழக்கமான ஃபிலிமில் பாதி நீளம்தான், அதனால் கிரெய்ன் பெரிதாகத் தெரியும். ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ கடைசியில் வரும் நிழற்படங்கள் செய்தித்தாள் படங்களைப் போல வேண்டுமென்றே சொரசொரப்பாக இருக்கும். அந்த இடம் வழவழவென்று இருந்தால், அந்த டிஸ்க்கைப் பற்றி வேறெதுவும் பார்க்கத் தேவையில்லை.

அடுத்து, பொருட்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிகிறதா? செயற்கையாகக் கூர்மை ஏற்றியதன் அடையாளம் அது. இருட்டிலும் புகையிலும் சதுரக் கட்டங்கள் தெரிந்தால் டேட்டா போதவில்லை என்று அர்த்தம். ஒரு அடுக்கு ப்ளூரேயில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி. இரண்டு படங்களை ஒரே 25 ஜிபி டிஸ்க்கில் திணித்திருந்தால் கிரெய்ன் அதிகமான காட்சிகள்தான் முதலில் உடையும், ஏனென்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும் துகள்களைச் சுருக்குவது கடினம்.

டைட்டில் எழுத்துகளும், ஒரு காட்சி கரைந்து இன்னொன்று வரும் இடங்களும் மற்றவற்றை விட மங்கலாக இருந்தால் பதறாதீர்கள். அந்தக் காலத்தில் அவற்றை லேபில் இன்னொரு முறை நகலெடுத்துத்தான் செய்தார்கள். மங்கல் நெகட்டிவிலேயே இருக்கிறது.

படத்தின் அகல உயர விகிதம் பெரும்பாலான விமர்சனங்களில் ஒரு எண்ணோடு முடிந்துவிடுகிறது. ஃபிரேமைப் பாருங்கள்: தலை வெட்டுப்படுகிறதா? கைகள் வெளியே போகின்றனவா? நம் படம் 1.37, அதாவது அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு, ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கத்தில். அதை அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்கினால் நெற்றியும் தாடையும் போகும். ‘ஈவில் டெட்’ 1.33லும் 1.85லும் டிஸ்க்கில் வந்திருக்கிறது; இரண்டும் உள்ள பதிப்பை வாங்கச் சொல்வதே நேர்மையான ஆலோசனை.

நிறம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். அர்ஜெண்டோவின் ‘சஸ்பீரியா’ (1977) டெக்னிக்கலர் முறையில் அச்சிட்ட பிரிண்டுகளுக்காகப் பேர்போனது. அந்தச் சிவப்பும் நீலமும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒவ்வொரு மாதிரி. சினாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பதிப்பில் ஒளிப்பதிவாளர் லூச்சானோ தொவோலியே மேற்பார்வையிட்டார். அவர் ஒப்புதல் தந்தார் என்பது முக்கியமான தகவல், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் பொதுவாகவே, ஒப்புதல் இருப்பதால் நிறம் அன்றைய பிரிண்டைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல பத்தாண்டு கழித்து மறுபடி உட்காரும் கலைஞர்கள் சிலர், அன்று செய்ய முடியாததை இன்று செய்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: தோல் ஆரஞ்சாக இருக்கிறது, நிழலில் பச்சை ஏறியிருக்கிறது, பகல் காட்சி மஞ்சளடிக்கிறது.

ஸ்கிரீன்ஷாட் போடுவதாக இருந்தால் டிஸ்க்கிலிருந்து நேரடியாக எடுங்கள், டிவியை போனில் போட்டோ எடுக்க வேண்டாம். பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒரே ஃபிரேமில் ஒப்பிடுங்கள். சுருக்கும்போது விவரம் எதையும் இழக்காத பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் அதிக வீச்சில் காட்டும் எச்டிஆர் படத்தின் ஸ்கிரீன்ஷாட் சாதாரணத் திரையில் சாயம் போன மாதிரி தெரியும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஐந்தாம் படி: கண்ணை மூடிக் கேளுங்கள்

பேய்ப்படம், வெஸ்டர்ன் போன்ற பழைய ஜானர் படங்களில் பெரும்பாலானவற்றின் ஒலி மோனோ, அதாவது ஒரே தடத்தில் வரும் ஒலி. டிஸ்க்கில் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த 5.1 ஒலி மட்டும் இருந்து ஒரிஜினல் மோனோ இல்லையென்றால், அது பெரிய குறை. பிற்காலத்தில் 5.1 ஆக்கும்போது துப்பாக்கிச் சத்தம், கதவுச் சத்தம், காற்று எல்லாம் புதிதாகப் போட்டு மாற்றிவிடுவது நடந்திருக்கிறது. நம் படத்தின் இசை லைப்ரரி இசை, அதாவது இந்தப் படத்துக்காக அமைக்காமல் ஆயத்தமாக வாங்கிப் போட்டது. மோனோவில் அது கொஞ்சம் நெருக்கடியாகத்தான் ஒலிக்கும். அந்த நெருக்கடி அந்த வீட்டுக்குள் பொருந்தி உட்காருகிறது.

மோனோ இருந்தால் மட்டும் போதாது. இரைச்சலைச் சுத்தம் செய்கிறேன் என்று மேல்சுருதியையும் சேர்த்து வழித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ‘ஸ’ ஓசைகள் மழுங்கியிருக்கும், வசனம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும்.

இத்தாலியப் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அவை பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்யாமல், பின்னால் டப்பிங் செய்தவை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசியிருப்பார்கள். எனவே இத்தாலிய ஒலித்தடம்தான் அசல், ஆங்கிலம் போலி என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது. இரண்டையும் கேளுங்கள். இத்தாலிய ஒலித்தடத்துக்குத் தரும் சப்டைட்டில் இத்தாலிய வசனத்தை மொழிபெயர்த்ததா, இல்லை ஆங்கில டப்பிங்கை அப்படியே எழுதியதா என்று பத்து நிமிடம் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். ‘டீப் ரெட்’ முழு வடிவத்தை ஆங்கிலத்தில் பார்த்தால் சில காட்சிகள் திடீரென்று இத்தாலிய மொழிக்கு மாறும். அந்தக் காட்சிகளுக்கு ஆங்கில டப்பிங் இல்லை. இது டிஸ்க்கின் கோளாறு கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாங்கியவர் குழம்ப மாட்டார்.

ஆறாம் படி: கூடுதல் அம்சங்கள்

அட்டையின் பின்பக்கத்தை நகலெடுத்து ஒட்டுவது விமர்சனம் ஆகாது. பார்த்துவிட்டு எழுதுங்கள். எவை புதிது, எவை பழைய டிஸ்க்கிலிருந்து வந்தவை என்று பிரியுங்கள். நம் படத்தின் க்ரைட்டீரியன் பதிப்பில் உள்ள இரண்டு விளக்க ஒலித்தடங்களும் 1994ல் பதிவானவை. பழசுதான், ஆனால் படம் எடுத்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசும் அந்த அரட்டைக்கு இன்று மாற்று இல்லை. 1988ல் இறந்துவிட்ட கதாநாயகன் ட்யூவேன் ஜோன்ஸின் பழைய பேட்டியும் அப்படித்தான். ‘நைட் ஆஃப் அனுபிஸ்’ என்ற பெயரில் இருந்த எடிட்டிங் காலத்து வடிவமும் அதில் கிடைக்கிறது. இந்த மாதிரி ஒரு பொருள் இருந்தால் அதற்கே ஒரு பத்தி கொடுங்கள். டிரெய்லரும் போஸ்டர் தொகுப்பும் ஒரு வரி போதும்.

ஏழாம் படி: படத்தைப் பற்றியும் எழுதுங்கள்

தொழில்நுட்பத்தில் மூழ்கிப் படத்தை மறந்துவிடும் விமர்சனங்களும் உண்டு, படத்தை நக்கலடிப்பதற்காகவே எழுதும் விமர்சனங்களும் உண்டு. இரண்டாவதுதான் எனக்குத் தாங்க முடியாதது. ரப்பர் கையையும் ஆடும் செட்டையும் சுட்டிக்காட்ட எந்த உழைப்பும் வேண்டாம். அந்தப் பணத்தில், அந்த நாட்களில் இவர்கள் எதைச் சாதித்தார்கள் என்று பார்க்கத்தான் கண் வேண்டும்.

1968ல் ஒரு கறுப்பின நடிகரை நாயகனாக்கி, அவர் நிறத்தைப் பற்றி வசனத்தில் ஒரு வார்த்தைகூட வைக்காமல் ஒரு பேய்ப்படம் வந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தவருக்கு அதன் முடிவு எப்படித் தைக்கும் என்று எழுதுங்கள், முடிவைச் சொல்லிவிடாமல். படம் அக்டோபரில் வந்தது. அமெரிக்காவின் வயது வாரியான தரச்சான்று முறை நவம்பரில்தான் தொடங்கியது. அதனால் பகல் காட்சிகளில் சிறு பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். விமர்சகர் ரோஜர் ஈபெர்ட் படத்தைவிட, அரங்கில் உறைந்துபோன அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதினார். 1999ல் இதே படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. இந்தத் தகவல்கள் படத்தைப் பார்க்கும் கண்ணை மாற்றுகின்றன, அதனால்தான் அவற்றுக்கு விமர்சனத்தில் இடம்.

வன்முறை பற்றி வெளிப்படையாக இருங்கள். ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) படத்தில் மிருகங்களை நிஜமாகவே கொன்றிருக்கிறார்கள். அந்தக் காட்சிகள் இல்லாமல் பார்க்கும் வசதி சில டிஸ்க்குகளில் இருக்கிறது. வாசகர் பணம் கட்டும் முன் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டாம் படி: எழுதி முடிப்பது

மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே நட்சத்திர மதிப்பெண் கொடுக்காதீர்கள். சுமாரான படம், அருமையான டிஸ்க் என்பது இந்த உலகத்தில் வாரா வாரம் நடப்பது. படம், காட்சித் தரம், ஒலி, கூடுதல் அம்சங்கள் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். நிறுவனம் இலவசமாக அனுப்பிய பிரதி என்றால் மேலேயே எழுதிவிடுங்கள்.

கடைசிப் பத்தியில் வாங்குபவரோடு பேசுங்கள். முதல் தடவை பார்ப்பவர், பழைய டிவிடி வைத்திருப்பவர், ஏற்கெனவே ப்ளூரே வைத்திருந்து 4கேவுக்கு மாறலாமா என்று யோசிப்பவர் மூவருக்கும் பதில் வேறு. நெகட்டிவிலிருந்து வந்த நல்ல ப்ளூரே கையில் இருக்கிறது, வீட்டில் 43 அங்குல டிவி என்றால், புது 4கே டிஸ்க்கில் அவருக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. அதைச் சொல்லத் தயங்காதீர்கள். கனத்த பெட்டியும் போஸ்டரும் சேர்ந்த லிமிடெட் எடிஷன் தீர்ந்தபின் அதே டிஸ்க் சாதாரண அட்டையில் குறைந்த விலைக்கு வருவது வழக்கம் என்பதையும் சொல்லுங்கள்.

வெளியிட்ட பின்னும் விமர்சனத்தை விட்டுவிட வேண்டாம். ஒலி ஓரிடத்தில் விடுபடுவது, சப்டைட்டில் தள்ளிப்போவது, ஒரு ஃபிரேம் காணாமல் போவது போன்ற கோளாறுகள் வெளியீட்டுக்குப் பின்தான் பல நேரம் தெரியவரும். நல்ல நிறுவனங்கள் திருத்திய டிஸ்க்கை மாற்றித் தருகின்றன. அப்போது எந்த நிமிடத்தில் எந்தக் கோளாறு, திருத்திய டிஸ்க்கை எப்படி அடையாளம் காண்பது, மாற்றிக்கொள்ள யாருக்கு எழுத வேண்டும் என்பதைத் தேதி போட்டு விமர்சனத்தின் உச்சியில் சேர்த்துவிடுங்கள்.